ஏழு மாடுகள் தின்ற பச்சை

ஜனவரி 9

மச்சானுக்கு,

உன்னை எப்படி அழைத்து எழுதுவது என்று யோசித்தே அரை நாள் போய்விட்டது. உன் தங்கையைக் கட்டியவன் என்ற முறையில் மச்சான் என்றே வைத்துக்கொள்கிறேன். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதே. வாயில் பழகிப்போனது, அவ்வளவுதான்.

உன் தங்கைக்கு இந்தச் சிறையிலிருந்து பதினோரு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வாரம் உள்ளே வந்த லாரி ஓட்டுநர் நம் பக்கத்து ஆள். அவன் சொல்லித்தான் தெரிகிறது, அவள் வீட்டைப் பூட்டிவிட்டு உன் வீட்டோடு வந்துவிட்டாளாம். மிச்சமிருந்த இரண்டு மாடுகளையும் உன் கொட்டகையில்தான் கட்டியிருக்கிறாளாம். கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு மாட்டைத் தொட்டியில் விஷம் கலந்து கொன்றவன் வீட்டிலேயே மீதி இரண்டையும் கட்ட அவளுக்கு எப்படி மனம் வந்தது?

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் கண்ணை மூடினால் அந்தக் காலை நேரம்தான். பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகின்றன. கால்கள் பின்னுகின்றன, வாயில் நுரை தள்ளுகிறது, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. சிவப்பி என் மடியில் தலையை வைத்துச் செத்தாள். தாய் செத்த கன்று அவள், புட்டிப்பால் கொடுத்து நான் வளர்த்தவள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்னால் சந்தையில் வைத்து நீ என்ன சொன்னாய்? "இனிமே உங்க மாடு என் வயல்ல கால் வச்சா திரும்பி வராது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாய். பிறகு நான் யாரைத் தேடி வருவேன்? வந்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. இந்த வருஷம் நீ இரண்டு வயலிலும் சோளம் போட்டு அறுவடை முடித்துவிட்டாயாம். கதிரைக் கொய்துகொண்டு தட்டையை நின்றபடியே கொளுத்துவதுதான் உன் வழக்கம். இந்தத் தடவை கொளுத்தாதே. என் மாடுகள் கோடையில் எதைத் தின்னும்? தட்டையை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டு வை. உனக்கு அந்த வேலை தெரியாது. கேட்டால் எழுதுகிறேன். கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, மாட்டுக்காகச் சொல்கிறேன்.

மாட்டுக்காரன்


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு,

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கை என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். முழங்கைக்கு மேலே நாலு விரல் அளவு விட்டுவைத்தீர்கள், அந்த மட்டுக்கும் சந்தோஷம். தெருவில் இப்போது என் பெயர் ஒற்றைக்கையன். நாற்பத்திரண்டு வயதில் எழுதப் பழகுகிறேன். ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

உங்களை நீங்கள் என்றே எழுதுகிறேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த அன்று எங்கள் அப்பா, வீட்டு மாப்பிள்ளையை வாங்க போங்க என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தார். கை போயும் பழக்கம் போகவில்லை பாருங்கள்.

மாடுகள் விழுந்ததை உருகி உருகி எழுதியிருக்கிறீர்கள். நான் விழுந்ததையும் கேளுங்கள். அன்று நான் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேலிப் பக்கமாக வந்தீர்கள், கையில் அரிவாள். வந்த வேகத்தைப் பார்த்துப் பாம்பு ஏதோ துரத்துகிறீர்கள் என்று நினைத்தேன். "என்ன மாப்பிள்ளை" என்று எழுந்தேன். அவ்வளவுதான் சொன்னேன். என் கை மண்ணில் கிடந்தது. அதன் விரல்களில் மோட்டாரின் கறுப்பு எண்ணெய் அப்படியே ஒட்டியிருந்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், தெரு முழுக்கப் பார்க்கிறதே என்று. இரண்டாவது வெட்டு தோளில். மூன்றாவதற்கு நீங்கள் ஓங்கும்போது மாவு மில்காரர் பின்னாலிருந்து உங்களைக் கட்டிப்பிடித்தார். அன்று அவர் மெஷின் பெல்ட் அறுந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நான் எந்தத் தொட்டியிலும் எதையும் கலக்கவில்லை. கோர்ட்டில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். சந்தையில் பேசியது வாய்ப்பேச்சு. உங்கள் மாடு மூன்று தடவை என் விதைப்பை மிதித்து நாசம் பண்ணியது, நான் என்ன கொஞ்சிக்கொண்டா இருப்பேன்?

தங்கை ஏன் பதில் போடவில்லை என்கிறீர்கள். அவளுக்கு வலது பக்கத்தில் கடைவாய்ப்பல் மூன்று இல்லை. முன்பெல்லாம் கேட்டால், மாடு கழுவும் கல்லில் வழுக்கிவிட்டது என்பாள். நானும் நம்பினேன். எட்டு வருஷமாக ஒரே ஆளை வழுக்கிவிடும் கல் உலகத்தில் உண்டா என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். போலீஸ் உங்களைக் கொண்டுபோன அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். விலா எலும்பு இரண்டு எப்போதோ உடைந்து, தானாகக் கோணலாக ஒட்டியிருக்கிறதாம். உங்கள் கடிதத்தை அவள் பிரிப்பதே இல்லை, அடுப்பில் போடுகிறாள். பதினோரு தடவையும் தண்ணீர் நன்றாகக் கொதித்தது.

தட்டையைக் கொளுத்தத்தான் போனேன். தீக்குச்சி கிழிக்கவே எனக்கு இப்போது இன்னொரு ஆள் வேண்டும், அவளைக் கூப்பிட்டேன். வந்தவள் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மாட்டுக்கு வேண்டும் என்றாள். அந்த ஆள் மாடு இந்த வீட்டில் எதற்கு, இன்றைக்கே கசாப்புக்கு ஓட்டிவிடுகிறேன் என்று கத்தினேன். அவள் பெட்டியைக் கொடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. ஆகவே கேட்கிறேன். என் கையை எடுத்தவரிடமே வேலை கேட்டுக்கொள்கிறேன். எப்படிச் செய்வது என்று எழுதுங்கள்.

ஒற்றைக்கையன்


பிப்ரவரி 2

மச்சானுக்கு,

உன் எழுத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இங்கே கடிதங்களைப் படித்து முத்திரை குத்துகிற எழுத்தர் பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

கொட்டகைப் பக்கம் போனதும் முதலில் வெள்ளைநெற்றியின் குளம்பைப் பார். பின்னங்கால் குளம்பு வெடிக்கும், அதற்கு அடிக்கடி எண்ணெய் தடவ வேண்டும். கிழவிக்குத் தனியாகத் தண்ணீர் வை. மற்ற மாடு வாய் வைத்த தண்ணீரை அவள் குடிக்க மாட்டாள்.

தட்டையைக் காலையில் பனி காய்ந்த பிறகு அறு. அறுத்ததைக் கட்டாதே, வரிசையாகக் கிடத்து. மூன்று நாள் ஒரு பக்கம், புரட்டிப்போட்டு மூன்று நாள் மறு பக்கம். பிறகு ஒரு தட்டையை எடுத்து நடுவில் முறுக்கிப் பார். விரலில் ஈரம் பட்டால் இன்னும் கிடக்கட்டும். சடக்கென்று ஒடிந்தால் கட்டு. ஈரத்தோடு அடுக்கினாயானால் போரின் வயிறு வெந்துபோகும், கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், சில சமயம் தானாகவே பற்றிக்கொள்ளும். அடியில் கட்டைகளைப் பரப்பி அதன்மேல் அடுக்கு. அடுக்குக்கு ஒரு தடவை உப்புத் தூவு. உச்சியைக் கூம்பாக முடித்துத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டு. மூடுவதுதான் முக்கியம். உன் தங்கை ஒரு தடவை மூட மறந்து மழையில் நனையவிட்டாள். அதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று அவளையே கேட்டுக்கொள்.

சோளத்தட்டையில் எனக்கும் மாடுகள் செத்த அந்த ஒரு வருஷப் பழக்கம்தான். அதற்கு முன்னால் எல்லாம் நான் போட்டது மக்காச்சோளம், உனக்கே தெரியும். அந்த வருஷம் விதை கிடைக்கவில்லை என்று சோளம் போட்டேன். ஆனாலும் தட்டை என்றால் தட்டைதான், காயவைப்பது ஒன்றுதான்.

பல்லையும் விலாவையும் பற்றி எழுதியிருக்கிறாய். புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதை அடுத்தவன் எண்ணிப் பார்க்கக் கூடாது. நான் கோபக்காரன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கையால் ஒரு மாடு ஒரு நாள் அடி வாங்கியதில்லை. ஏனென்றால் மாடு பொய் சொல்லாது.

இன்னொன்று. நாலு விரல் விட்டுவைத்ததற்குச் சந்தோஷம் என்கிறாய். நான் கைக்குக் குறி வைக்கவே இல்லை. கழுத்துக்குத்தான் வைத்தேன். நீ எழுந்திருக்கும்போது கையைத் தூக்கிவிட்டாய். எழுத்தர் இந்த வரியை அடித்தால் அடிக்கட்டும், கோர்ட்டிலேயே சொன்னதுதான்.

மாட்டுக்காரன்


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

இன்றைக்கு இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. அப்படி ஒரு விஷயம் கையில் கிடைத்திருக்கிறது.

முதலில் தட்டை. நீங்கள் சொன்னபடியே செய்தோம். தங்கை அறுத்தாள், நான் கட்டினேன். ஒரு கையால் கட்டுவது எப்படி என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தட்டைக் கட்டை முழங்காலால் அமுக்கி, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியைக் கையால் இழுக்க வேண்டும். மூன்றாம் நாள் உதடு கிழிந்துவிட்டது. ரத்தத்தைத் துப்பித் துப்பி உங்கள் பெயரைச் சொல்லிக் கட்டினேன். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஆத்திரத்தில் அரிவாளைத் தூக்கி எறிந்தேன். அது தங்கையின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்து அறுக்கப் போய்விட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டு. போரை மூடிவிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மழை. அப்புறம் இரண்டு வாரம் கொளுத்துகிற வெயில். அறுத்துவிட்ட அடிக்கட்டைகளிலிருந்து பச்சைப் பசேல் என்று குருத்து விட்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மறுதாம்பு. நான் எப்போதும் கொளுத்தி உழுதுவிடுகிறவன், அதனால் அதை இந்த வருஷம்தான் பார்க்கிறேன். இவ்வளவு பச்சை சும்மா கிடக்கிறதே என்று நேற்றுக் காலை வெள்ளைநெற்றியை அதில் அவிழ்த்துவிட்டேன். ஆசையாக மேய்ந்தாள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன், தள்ளாடுகிறாள். முன்னங்கால் மடங்கி முகம் மண்ணில் இடித்தது. நுரை. ஒரு மைல் ஓடி வந்தது மாதிரி மூச்சு. வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. தங்கை வந்து பார்த்தாள். பார்த்ததும் அவள் போட்ட சத்தம் தெரு முனைக்குக் கேட்டிருக்கும். ஓடிப்போய்க் கொட்டகை மூலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நல்ல வேளை, மாட்டு டாக்டர் மில்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தேன். கழுத்து நரம்பில் அவர் ஊசியைக் குத்தியபோது வெளியே வந்த ரத்தத்தைப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று, சாயம் கலந்தது மாதிரி. அடுத்தடுத்து இரண்டு மருந்து ஏற்றினார். கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கினாள். மாலைக்குள் எழுந்து நின்றுவிட்டாள். டாக்டர் சொன்னார், சோளத்தின் மறுதாம்பில், அதுவும் மழையில் துளிர்த்து வெயிலில் வாடினதில், விஷம் ஊறி நிற்குமாம். பச்சையாகத் தின்றால் அரை மணி நேரம் தாங்காதாம். நன்றாகக் காய்ந்த தட்டையில் பயம் இல்லையாம், காயக் காய அது போய்விடுமாம். மக்காச்சோளம் மட்டுமே போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியாது, வருஷத்துக்கு நாலு வீட்டில் இப்படி மாடு சாகிறது என்றார்.

இப்போது புரிகிறதா? அன்று விடியும் நேரத்தில் உங்கள் ஏழு மாடும் உங்கள் சொந்த வயலில் மறுதாம்பை மேய்ந்துகொண்டிருந்ததை வாய்க்காலில் நின்று நான் என் கண்ணால் பார்த்தேன். கோர்ட்டிலும் சொன்னேன். எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நீங்கள் காறித் துப்பினீர்கள். தொட்டியில் ஒரு விஷமும் இல்லை மாப்பிள்ளை. உங்கள் வயல் பச்சையைத் தின்று உங்கள் மாடு செத்தது, அதற்கு என் கையை வெட்டினீர்கள். டாக்டரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் மாட்டை வயலில் விட்டது யாரோ, போய் அவர்களைக் கேளுங்கள். நான் சுத்தம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஒற்றைக்கையன்


மார்ச் 7

மாப்பிள்ளைக்கு,

நேற்றுப் போட்ட கடிதம் வந்தால் பிரிக்க வேண்டாம். அப்படியே கிழித்துப் போட்டுவிடுங்கள். கோபத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். தபால் வண்டிக்குப் பின்னால் மில் வரைக்கும் ஓடினேன், பிடிக்க முடியவில்லை.

அன்று பனி. எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உங்கள் வயல் கதவு பழையது, மாடுகளே முட்டித் திறந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. யாரையும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

ஒற்றைக்கையன்


மார்ச் 15

ஒற்றைக்கையா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவதைத்தான் முதலில் பிரித்தேன். அதனால் முதலாவதை மூன்று தடவை படித்தேன். இந்தக் கடிதம் எழுத்தர் மேஜைக்குப் போகாது. பால் வண்டிக்காரன் எடுத்துக்கொண்டு வருகிறான், முத்திரை இருக்காது.

அந்தக் கதவுக்கு முந்தின நாள் மாலை சங்கிலி போட்டுப் பூட்டியவன் நான். உழுவதற்கு ஆள் சொல்லியிருந்தேன், அதற்குள் மாடு போய் மண்ணை மிதித்து இறுக்கிவிடக் கூடாது என்று பூட்டினேன். சாவி சமையலறை ஆணியில் இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பால் ஊற்றப் போய்விட்டேன். மிச்சம் யார் என்று எண்ண விரல் அதிகம் வேண்டாம்.

நீ கோர்ட்டில் மாடு மேய்ந்ததைச் சொன்னபோது நான் துப்பியது ஏன் என்று உனக்குத் தெரியாது. மாடு கொட்டகையை விட்டு வெளியே போகவே இல்லை என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொன்னாள். அதை நீ இன்றுவரை அறியவில்லை என்று உன் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. சிவப்பியின் தலை என் மடியில் இருக்கும்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். யார் என்று கேட்டேன். "எங்க அண்ணன்தான். தொட்டிகிட்ட நின்னாரு. என்னமோ கொட்டுனாரு" என்றாள்.

சந்தைப் பேச்சை மட்டும் வைத்து நான் அரிவாளை எடுக்கவில்லை. உன் கூடப் பிறந்தவள் வாயால் கேட்டு எடுத்தேன். என் பெண்டாட்டியைக் கூண்டில் ஏற்றுவது எனக்குக் கேவலம் என்று கோர்ட்டில் அதைச் சொல்லாமல் விட்டேன். அதற்கும் சேர்த்து நாலு வருஷம் வாங்கிக்கொண்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுக்கொள்கிறேன். ஆள் மாறிவிட்டது.

மிச்சத் தண்டனையைக் கழித்து ஏப்ரல் பதினெட்டாம் தேதி என்னை வெளியே விடுகிறார்கள். இந்தச் சிறையின் மாட்டுக்கொட்டகையில் ஒழுங்காக வேலை செய்தேனாம், நல்ல நடத்தையாம். போன மாதம் ஒருவன் இங்கே ஒரு கன்றை மண்வெட்டியால் அடித்தான். அவன் முகத்தைச் சாணிக் குழியில் வைத்து அமுக்கினேன். கால் உதைப்பது நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு அப்புறம் தூக்கினேன். பார்த்தவர் யாரும் இல்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உனக்கும் அவள்மேல் ஆத்திரம் வரும். வராவிட்டால் நீ மனுஷன் இல்லை. உன் கையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கும் ஓடிவிடாமல் நான் வரும்வரை வைத்திரு, போதும். குறுக்கே மட்டும் நிற்காதே.

மாட்டுக்காரன்


மார்ச் 27

உனக்கு எழுதுகிறேன். மாப்பிள்ளையும் கிடையாது, நீங்களும் கிடையாது. அப்பா சொல்லிவைத்த மரியாதை போன கடிதத்தோடு முடிந்துவிட்டது.

உன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். போர் ஓரத்தில் தீவனம் உருவிக்கொண்டிருந்தாள். உன் கையெழுத்து என்றதும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இதைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்றேன். படித்தாள். மறுக்கவில்லை. தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த வருஷமும் தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் பிய்ந்து போர் நனைந்துவிட்டதாம். உள்ளே கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டதாம். உனக்குத் தெரியாமல் மேலே நல்ல கட்டுகளை வைத்து மறைத்துப் பத்து நாள் ஓட்டியிருக்கிறாள். அன்று காலை கிழவிக்கும் வெள்ளைநெற்றிக்கும் போட்டதோடு நல்ல தட்டை தீர்ந்துவிட்டது. நீ திரும்பி வந்து மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்ப்பாய், ஒட்டியிருந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வயலில் பச்சை நின்றது. சாவியை எடுத்தாள். மாட்டின் வயிறு நிறைந்தால் அன்றைய பொழுது அடி இல்லாமல் போகும் என்று நினைத்தாள். அவை தள்ளாட ஆரம்பித்ததும் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று தொட்டிக்கு ஓட்டி வந்திருக்கிறாள். நீ வந்து யார் என்று கேட்டாய்.

ஏன் என் பெயரைச் சொன்னாய் என்று கேட்டேன். "உன்னை வெட்டுவாருன்னு நினைக்கலண்ணே. சண்டை போடுவாரு, திட்டுவாரு, அதோட போயிடும்னு நினைச்சேன். என்னைன்னா அங்கேயே கொன்னுருப்பாரு" என்றாள்.

நான் அவளை அடித்தேன். இதை உனக்கு மறைக்கப்போவதில்லை. மிச்சமிருக்கிற ஒரு கையால் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். போர்மேல் போய் விழுந்தாள். இரண்டாவது தடவை முதுகில் அறைந்தேன். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோதுதான் பார்த்தேன். அவள் சுருண்டு, முழங்காலை வயிற்றில் மடக்கி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை, அது முடிவதற்காகக் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்தது. அந்த ஒரு நிமிஷம் நான் நின்ற இடம் நீ நிற்கிற இடம் என்று தெரிந்ததும் ஓங்கிய கையை இறக்கினேன். வேலி ஓரம் போய் நின்றுகொண்டேன்.

அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. காலையில் சட்டைப் பித்தானைப் போடும்போதெல்லாம் அவள் சொன்ன பெயர் காதில் கேட்கிறது. எட்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு போட்டு வைப்பாள், சாப்பிடுவேன். மாட்டுக்குத் தீவனம் உருவுவாள், கூடையை நான் தூக்கிக்கொண்டு போவேன். அவள் என் கையை வாங்கியதும் நான் அவளை அறைந்ததும் எனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள வழக்கு. சாகும்வரைக்கும் நாங்கள் அதை இழுத்துக்கொண்டு கிடப்போம். அதில் உனக்கு ஒரு பங்கும் கிடையாது.

உன் கடிதத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். முத்திரை இல்லாத காகிதம் என்றார் அதிகாரி. மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "குடும்ப விஷயம். இன்னும் ஒண்ணும் நடக்கலையே, ஏதாவது நடந்தா வாங்க" என்றார். நடந்த பிறகு யார் போவது என்று கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அவளைத் தூரத்தில் எங்கேயாவது அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் சித்தி வீடு இருக்கிறது, போய்விடு என்று மில்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். ஓடினால் வாழ்நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும், முடியாது என்று அவர் மூலமாகவே பதில் வந்தது. காலண்டரில் ஏப்ரல் பதினெட்டைச் சுற்றி அவளே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

முந்தாநாள் அவளாகவே வந்து என்னிடம் பேசினாள். போரில் தட்டை அள்ளுகிற கவைக்கோல் இருக்கிறதே, கவையின் இரண்டு பல்லும் இரும்பு போட்டது, அதைக் கொண்டுவந்தாள். பிடி நீளம், ஒரு கையால் பிடித்துக் குத்த வராது, குட்டையாக அறுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். எவ்வளவு என்று கேட்டேன். என் கையைப் பிடித்து நீட்டி, அக்குள் வரைக்கும் அளந்து பார்த்தாள். அறு என்றேன். அறுத்துக் கொடுத்துவிட்டுத் தன் அரிவாளைக் கல்லில் தீட்ட உட்கார்ந்தாள். நான் மண் மூட்டையில் இரண்டு நாளாகக் குத்திப் பழகுகிறேன். நன்றாக இறங்குகிறது.

நீ வெளியே வந்து உன் வீட்டைத் திறந்துகொண்டு உன் வழியில் இருந்தால், இரண்டு மாட்டையும் மில்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளைநெற்றி நன்றாக இருக்கிறாள். வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. அன்று மாதிரி மோட்டாரைத் துடைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கை இருக்கிறது.

அவள் அண்ணன்